ஒன்கியோ டிஎக்ஸ்-என்ஆர்609: பழைய சரவுண்ட் ரிசீவர் வாங்கும்போது எதைப் பார்ப்பது, எதற்குப் பணம் கொடுப்பது

பழைய சாமான் சந்தையில் ஹோம் தியேட்டர் ரிசீவர் (டிவி, பிளேயர் ஒலியை வாங்கிப் பெருக்கிப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) தேடினால் கண்ணில் அடிக்கடி படுகிற மாடல்களில் ஒன்று ஒன்கியோவின் டிஎக்ஸ்-என்ஆர்609. 2011இல் வந்தது. 7.2 சேனல் (ஏழு ஸ்பீக்கர், இரண்டு சப்வூஃபர்), 8 ஓம் ஸ்பீக்கருக்கு சேனலுக்கு 100 வாட், ஆறு எச்டிஎம்ஐ உள்ளீடு, ஒரு வெளியீடு, டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ என்ற ப்ளூரே ஒலி வடிவங்கள் இரண்டையும் பிரித்துத் தரும் திறன், அறைக்கு ஏற்ப ஒலியைச் சரிசெய்ய ஆடிஸி 2இக்யூ, டிஎச்எக்ஸ் செலக்ட்2 பிளஸ் தரச் சான்று. காகிதத்தில் பார்த்தால் இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. கேட்கிற விலையும் குறைவு. விளம்பரத்தில் வழக்கமாக இருக்கும் வாசகம்: “நல்லா ஓடுது, ரிமோட் மட்டும் இல்லை.”

இந்த ஆய்வுக்கு இந்த மாடலை எடுத்ததற்குக் காரணம் உண்டு. பழைய ரிசீவர் எதை வாங்கினாலும் ஒரே பெட்டிக்குள் இரண்டு தனித்தனி கருவிகளை வாங்குகிறோம். ஒன்று ஆம்ப்: டிரான்ஸ்பார்மர், பெரிய கண்டென்சர்கள், ஹீட்சிங்கில் பொருத்திய பவர் டிரான்சிஸ்டர்கள். பல பத்தாண்டுகளாகப் பெரிய மாற்றமில்லாத தொழில்நுட்பம் இது. இருபது, முப்பது வருடம் சாதாரணமாக ஓடும், கெட்டாலும் உள்ளூர் மெக்கானிக் சரிசெய்வார். மற்றொன்று டிஜிட்டல் போர்டு: எச்டிஎம்ஐ, டீகோடர், நெட்வொர்க் எல்லாம் அதில். அதன் ஆயுசு பாதிகூட இருக்காது. அது கெடாமல் இருந்தாலும் காலம் அதைத் தாண்டிப் போய்விடும். 609இல் இந்தப் பிளவு வேறெந்த மாடலையும் விடத் தெளிவாகத் தெரிகிறது.

தெரிந்த கோளாறு

2009 முதல் 2012 வரை ஒன்கியோ, அதன் துணை பிராண்டான இன்டெக்ரா பெயர்களில் வந்த பல ரிசீவர்களில் ஒரே மாதிரியான பழுது வந்தது. சத்தம் திடீரென்று போய்விடும், அல்லது நெட்வொர்க் பிடிபடாது. படம் வரும், டிஸ்ப்ளே எரியும், வால்யூம் எண் ஏறும். ஆனால் ஒரு ஸ்பீக்கரிலும் மூச்சு இருக்காது. எச்டிஎம்ஐ போர்டில் இருக்கும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஒலிச் செயலி ஐசிதான் மூலகாரணம். அடிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன ஈய உருண்டைகளால் போர்டில் ஒட்டிய வகை அது. பெட்டி சூடாகி ஆறி, மறுபடி சூடாகி, சில வருடங்களில் தொடர்பு விட்டுப்போகும். ஒன்கியோ செட்கள் பொதுவாகவே அதிகம் சூடாகிறவை என்பதால் விஷயம் விரைவில் முற்றியது.

நிறுவனம் இதை ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு 2018 டிசம்பர் 31 வரை இலவசப் பழுதுபார்ப்பை நீட்டித்தது. அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. 2021இல் ஒன்கியோவின் ஆடியோ வீடியோ வணிகம் ஷார்ப், வாக்ஸ் கூட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. 2022 மே மாதம் பழைய நிறுவனம் ஜப்பானில் திவால் மனு கொடுத்தது. இன்று 609க்கு உதிரி போர்டு வேண்டுமென்றால், பெரும்பாலும் இன்னொரு செத்த செட்டிலிருந்து கழற்றியதுதான் கிடைக்கும். அதுவும் எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

எனவே இன்றைக்குச் சந்தையில் இருக்கும் 609 மூன்று வகைதான். கெடு முடிவதற்குள் போர்டு மாற்றியது, குறைவாக ஓடியதால் இன்னும் கெடாதது, கெட்டுப்போனதை ஒட்டுவேலை செய்து விற்பது. முதல் வகையை அடையாளம் காட்ட சர்வீஸ் சீட்டு இருக்க வேண்டும். வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். மூன்றாவதுதான் ஆபத்து.

ஒட்டுவேலை என்றால் இதுதான்: அந்த ஐசியின் மீது ஹாட் ஏர் காட்டி ஈயத்தைக் கொஞ்சம் இளக வைப்பார்கள். சத்தம் திரும்பி வரும். சில வாரமோ சில மாதமோ ஓடும், மறுபடி போகும். மேல்மூடியைத் திறக்க விற்பவர் சம்மதித்தால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐசியைச் சுற்றிப் பழுப்பு நிறக் கறை, பளபளக்கும் பிளக்ஸ் (ஈயம் பற்றத் தடவும் பசை) பிசுக்கு, அருகிலுள்ள பிளாஸ்டிக் கனெக்டர் விளிம்பு லேசாக உருகி இருப்பது, மூடி ஸ்க்ரூக்களின் கறுப்பு வண்ணம் உரிந்து உலோகம் தெரிவது: இவற்றில் இரண்டு இருந்தாலே விலகிவிடலாம். ஐசியை முறையாகக் கழற்றிப் புதியது பொருத்துவதும் உண்டு. அதற்கு மொபைல், லேப்டாப் போர்டு வேலை செய்பவர்களிடம் இருக்கும் பிஜிஏ கருவி (இப்படி ஈய உருண்டையில் ஒட்டும் ஐசிகளுக்கானது) தேவை. செலவைக் கூட்டினால் செட்டின் விலையைத் தொட்டுவிடும்.

இதே நிறுவனத்தின் 2007 மாடல் டிஎக்ஸ்-எஸ்ஆர்605ஐ ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. அதிலும் எச்டிஎம்ஐ போர்டு கெடும். ஆனால் அங்கே கெடுவது போர்டில் இருக்கும் சின்னக் கண்டென்சர்கள். அவை காய்ந்துபோனால் எச்டிஎம்ஐயில் படமோ சத்தமோ விட்டு விட்டு வரும். ஆப்டிகலும் அனலாக்கும் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர் சில நூறு ரூபாயில் முடிக்கும் வேலை. ஆக, நான்கு வருடம் முந்தைய மாடலான 605 இன்றைக்கு 609ஐ விடப் பாதுகாப்பான கொள்முதல். மாடல் புதிதா பழையதா என்பதை விட, அதில் எது கெடும், கெட்டதைக் கையால் சரிசெய்ய முடியுமா என்ற கேள்விக்குத்தான் எடை அதிகம்.

விற்பவர் வீட்டில் சோதிப்பது

போகும்போது கையில் இருக்க வேண்டியவை: 6 அல்லது 8 ஓம் சின்ன ஸ்பீக்கர் ஒன்று, முனை சீவிய ஸ்பீக்கர் ஒயர், எச்டிஎம்ஐ உள்ள லேப்டாப், எச்டிஎம்ஐ ஒயர், ஆப்டிகல் ஒயர், மல்டிமீட்டர், டார்ச். செட்டை முன்கூட்டியே ஆன் செய்து வைக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். ஆறிய நிலையில் தொடங்கி ஒரு மணி நேரமாவது ஓட வேண்டும். செயலிக் கோளாறு பெரும்பாலும் சூடேறிய பிறகுதான் தலைகாட்டும். பதினைந்து நிமிட டெமோவில் ஒன்றும் தெரியாது.

ஆன் செய்த சில விநாடிகளில் உள்ளே “டக்” என்று ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) விழ வேண்டும். விழவில்லை, அல்லது விழுந்து உடனே விட்டுவிட்டு ஸ்டாண்ட்பை விளக்கு மின்னுகிறது என்றால், தன்னைக் காக்க வெளியீட்டைத் துண்டிக்கும் புரொடெக்‌ஷனில் இருக்கிறது. ஆம்ப் பகுதியில் கோளாறு. “ஃபியூஸ்தான் போயிருக்கும்” என்று விற்பவர் சொன்னால் ஏற்க வேண்டாம். ஃபியூஸ் போனால் விளக்கே எரியாது.

ரிலே விழுந்ததும், எந்த ஸ்பீக்கரும் மாட்டாமல், ஒவ்வொரு ஸ்பீக்கர் டெர்மினலிலும் டிசி மின்னழுத்தம் அளக்க வேண்டும். மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, சிவப்பு முனை பிளஸ்ஸில், கறுப்பு மைனஸில். 30 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 50ஐத் தாண்டினால் குறித்துக்கொண்டு, அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். ஒரு சேனல் மட்டும் 100க்கு மேல் நின்றால் அந்த சேனலின் ஆம்ப் சரிந்துகொண்டிருக்கிறது. ஏழு சேனலையும் அளக்க ஐந்து நிமிடம் ஆகாது. இதை யாரும் செய்வதில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அடுத்தது டெஸ்ட் டோன். செட்டப் மெனுவில் ஸ்பீக்கர் லெவல் பகுதிக்குப் போனால் செட் தானே ஒவ்வொரு சேனலுக்கும் “ஷ்ஷ்” என்ற இரைச்சலை அனுப்பும். கொண்டுபோன ஒற்றை ஸ்பீக்கரை ஒவ்வொரு டெர்மினலுக்கும் மாற்றிக் கேளுங்கள். மாற்றும்போதெல்லாம் செட்டை ஸ்டாண்ட்பையில் போட வேண்டும். ஒயரின் இழை ஒன்று பக்கத்து டெர்மினலைத் தொட்டால் நல்ல செட்டும் கெட்டுவிடும். டெர்மினலைத் திருகும்போது பிளாஸ்டிக் தலை சுற்றுகிறதா, பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரை ஊர்ச் செட்களில் உப்புக்காற்று டெர்மினலைத்தான் முதலில் தின்னும்.

பிறகு பாட்டைப் போட்டு வால்யூமை மிகக் குறைவாக வையுங்கள். ஒரு சேனலில் சத்தம் கரகரவென்று வந்து போய், வால்யூமை ஏற்றியதும் பட்டென்று பிடித்துக்கொண்டால் ரிலேயின் தொடுமுனை கரி படிந்திருக்கிறது. விலை குறைந்த பாகம், மாற்றுவதும் எளிது. இதற்காகச் செட்டை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. விலை பேச உதவும்.

எச்டிஎம்ஐ உள்ளீடுகளை ஒன்றுவிடாமல் சோதியுங்கள். லேப்டாப்பில் ஒலி அமைப்பை 5.1 ஆக மாற்றி, ஒவ்வொரு ஸ்பீக்கருக்குமான சோதனை ஒலியை அனுப்பலாம். நம் ஊரில் ஒரு தனிப் பிரச்சினை: டிஷ் ஆன்டெனா வழியாக இறங்கும் இடி, செட்டாப் பாக்ஸைத் தாண்டி ரிசீவரின் எச்டிஎம்ஐ வரை வந்துவிடும். அதனால் செட்டாப் பாக்ஸ் மாட்டும் உள்ளீடு மட்டும் செத்திருப்பது அடிக்கடி காண்பது. விற்பவர் அதைத் தவிர்த்து வேறொரு உள்ளீட்டில் ஓட்டிக் காட்டுவார்.

சத்தமே வராத 609 ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆம்ப் போயிற்றா, செயலி போயிற்றா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. முதன்மை அறையில் ரேடியோ, டெஸ்ட் டோன் உட்பட எதுவும் கேட்காது. பழைய டிவிடி பிளேயர் ஒன்றைச் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ ஒயரில் மாட்டி, ஸோன் 2வை (இரண்டாவது அறைக்கான தனி வெளியீடு) ஆன் செய்து அதன் வெளியீட்டில் கேட்டுப் பாருங்கள். ஸோன் 2 அனலாக் ஒலியை டிஜிட்டல் செயலி வழியே சுற்றிவளைக்காமல் நேரே அனுப்புவது. அங்கே பாட்டு தெளிவாக வந்து முதன்மையில் வராவிட்டால் டிஜிட்டல் போர்டுதான் குற்றவாளி. அந்த முடிவுக்கு வருமுன் செட்டை ஒருமுறை ரீசெட் செய்வது நியாயம்: முன்பலகையில் விசிஆர்/டிவிஆர் பட்டனை அழுத்திப் பிடித்தபடி பவர் பட்டனை அழுத்தினால் டிஸ்ப்ளேயில் “கிளியர்” என்று வரும். மெனுவில் யாரோ எதையோ மாற்றிவைத்ததால் ஊமையான செட்களும் உண்டு.

மூடியைத் திறந்தால் இன்னும் சில விஷயம் தெரியும். பெரிய கண்டென்சர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ அடியில் பிசுக்கு கசிந்திருந்தாலோ வேண்டாம். விரலை உள்ளே விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கும். கரப்பான் எச்சமும் காய்ந்த பல்லியும் பவர் சப்ளைப் பகுதியில் கிடந்தால், பக்கத்தில் கறுத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் தூசு ஒரு பொருட்டில்லை.

வோல்டேஜ்: பாதிப் பேர் கோட்டை விடும் இடம்

இங்கே விற்பனைக்கு வரும் செட்களில் கணிசமானவை வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்தவை. சிங்கப்பூர், துபாய் செட் என்றால் நம் 230 வோல்ட்டுக்கு ஒத்துப்போகும். அமெரிக்கச் செட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பான் செட் 100 வோல்ட். பிளக்கின் வடிவத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். பின்பலகையில் அச்சிட்டிருக்கும் எண்தான் ஆதாரம்.

அமெரிக்கச் செட்டுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். பின்பலகையில் 600 வாட் என்றிருந்தால் 1000 விஏ (டிரான்ஸ்பார்மர் தாங்கும் சுமையின் அளவு) வாங்குங்கள். 300 விஏவில் ஓட்டினால் மெல்லிய பாட்டுக்குத் தாங்கும், சண்டைக் காட்சியில் மூச்சு வாங்கும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 110 வோல்ட் கொடுப்பது. 120 அல்லவா வேண்டும் என்று தேடி அலைய வேண்டாம், 110தான் நல்லது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த டிரான்ஸ்பார்மரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டும்போது அதன் இரும்புக் கருவில் காந்தப் பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். 120 வோல்ட் கொடுத்தால் அந்த 20 சதவீதம் முழுதாக விழும், 110 கொடுத்தால் 10 சதவீதத்தோடு நிற்கும். சூடும் உறுமலும் அந்த அளவுக்குக் குறையும்.

ஜப்பான் செட்டை அதே 110இல் மாட்டுவதுதான் தவறு. வீட்டில் மின்சாரம் 245க்கு ஏறும் இரவுகளில் அந்த டிரான்ஸ்பார்மர் 117 வோல்ட் கொடுக்கும். 100க்கு வடிவமைத்த செட்டுக்கு அது மெல்லக் கொல்லும் விஷம். 100 வோல்ட் வெளியீடு உள்ள டிரான்ஸ்பார்மர் சுற்றித் தருபவர் கிடைத்தால் வாங்கலாம். இல்லையென்றால் வேறு செட் பாருங்கள்.

சின்ன விஷயம் ஒன்று: பல அமெரிக்கச் செட்களில் எஃப்எம் டயல் 0.2 மெகாஹெர்ட்ஸ் தாவும். 98.3 சரியாக விழும். சென்னை வானொலியின் 101.4 விழாது, 101.3க்கும் 101.5க்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். ரேடியோ கேட்பவர்கள் வாங்குமுன் திருகிப் பார்த்துக்கொள்ளலாம். சதுர அலை இன்வெர்ட்டரில் எந்த ரிசீவரும் உறுமும். அது செட்டின் குற்றமல்ல.

இன்றைய டிவியோடு சேர்ப்பது

609இன் எச்டிஎம்ஐ 1.4 தலைமுறை. 4கே 60 ஹெர்ட்ஸ் எச்டிஆர் அதன் வழியே போகாது. 4கே படங்களுக்கு வேண்டிய எச்டிசிபி 2.2 என்ற நகல்தடுப்புப் பூட்டும் இதில் இல்லை; நடுவில் இதை வைத்தால் படம் 1080க்கு இறங்கும், அல்லது திரை கறுப்பாகும். “4கே” என்று பெட்டியில் எழுதியிருப்பது குறைந்த தெளிவுப் படத்தை 4கே அளவுக்குப் பெருக்கித் தருவதைத்தான் குறிக்கிறது. தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸ் வீட்டு ரிசீவர்களுக்கு வந்ததே 2014இல், அதனால் அது பற்றிப் பேச்சில்லை.

வழி எளிது. ஸ்டிக், செட்டாப் பாக்ஸ், கேம் பெட்டி எல்லாவற்றையும் டிவியில் நேரே மாட்டிவிட்டு, டிவியிலிருந்து ஒலியை மட்டும் ஆப்டிகலிலோ ஏஆர்சியிலோ (எச்டிஎம்ஐ ஒயர் வழியே டிவி ஒலி ரிசீவருக்குத் திரும்பும் வழி) ரிசீவருக்கு எடுங்கள். ஆப்டிகலில் போவது ஸ்டீரியோ பிசிஎம் (சுருக்காத ஒலி), அல்லது சுருக்கிய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1. டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸும் ட்ரூஎச்டியும் அதில் ஏறாது. ஓடிடி செயலிகள் தருவது டால்பி டிஜிட்டல் பிளஸ். டிவியின் ஒலி அமைப்பில் “டால்பி டிஜிட்டல்” என்று தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான டிவிகள் அதைச் சாதா டால்பி 5.1 ஆக மாற்றித் தரும். “பிசிஎம்” என்று விட்டுவிட்டால் இரண்டே சேனல்தான். பின் ஸ்பீக்கரில் வருவது ரிசீவர் தானாகச் செய்யும் ஜோடனை.

உண்மையான 5.1 வருகிறதா என்பதைக் காதை விட டிஸ்ப்ளே நம்பகமாகச் சொல்லும். ஒன்கியோ செட்களில் “டால்பி டி : 3/2.1” என்று காட்டும்: முன்னே மூன்று, பின்னே இரண்டு, ஒரு சப்வூஃபர். அதற்குப் பதில் பிசிஎம் என்று வந்தால் டிவி அமைப்புக்குத் திரும்புங்கள். சில பழைய டிவிகள் தம்முள் இருக்கும் ஓடிடி செயலிக்கு 5.1 கொடுத்தும், எச்டிஎம்ஐயில் மாட்டிய ஸ்டிக்கின் ஒலியை ஆப்டிகலில் ஸ்டீரியோவாக்கிவிடும். சாம்சங் 2018 முதல் டிவிகளில் டிடிஎஸ்ஸை எடுத்துவிட்டது. பென் டிரைவில் இருக்கும் டிடிஎஸ் படத்தை அந்த டிவியில் நேரே ஓட்டினால் சத்தம் வராது.

இப்படிச் சேர்க்கும்போது 609இன் எச்டிஎம்ஐ போர்டில் பாதி வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. ப்ளூரே டிஸ்க்கோ, கணினியிலிருந்து சுருக்காத பலசேனல் ஒலியோ கேட்பவருக்குத்தான் அது முழுதாகப் பயன்படும். ஓடிடி மட்டும் பார்க்கும் வீட்டுக்கு, 2003 – 2006 காலத்தில் வந்த, எச்டிஎம்ஐ இல்லாத, ஆப்டிகல் மட்டும் உள்ள 5.1 ரிசீவரே போதும். அதே டால்பி 5.1தான் வரப்போகிறது. சிக்கலான போர்டு இல்லை, சூடும் குறைவு, யாரும் சீந்தாததால் விலையும் அடிமட்டம்.

விலையும், வாங்கியபின் முதல் வேலையும்

போர்டு மாற்றியதற்கு ஆதாரமில்லாத 609க்கு, ஓடுகிற நிலையில் இருந்தாலும், வெறும் ஸ்டீரியோ ஆம்ப் விலைதான் கொடுக்கலாம். புதிய 5.1 ரிசீவர் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். ஆடிஸி மைக் இல்லையென்றால் அதற்கும் கழியுங்கள்; வேறு நிறுவன மைக்கை மாட்டினால் அளவு தப்பும். ஸ்பீக்கர் தூரத்தையும் லெவலையும் கையால் போட்டுக்கொள்ளலாம், குடி முழுகிவிடாது. பழைய ஹோம் தியேட்டர் பெட்டியோடு வந்த 3 ஓம் ஸ்பீக்கர்களை இதில் மாட்டி மிச்சம் பிடிக்கப் பார்ப்பதுதான் பெரிய நஷ்டம். ஆம்ப் சூடாகிப் புரொடெக்‌ஷனுக்குப் போகும், ஒருநாள் திரும்பாது.

வீட்டுக்கு வந்ததும் மூடிய டிவி அலமாரிக்குள் தள்ளாதீர்கள். மேலே குறைந்தது 20 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். கணினிக்குப் போடும் 120 மில்லிமீட்டர் 12 வோல்ட் ஃபேன் ஒன்றை, எச்டிஎம்ஐ சாக்கெட்டுகளுக்கு மேலே வருகிற காற்றுத்துளைகளின் மீது, காற்றை வெளியே இழுக்கும் திசையில் வையுங்கள். 9 வோல்ட் அடாப்டரில் ஓட்டினால் ஃபேன் சத்தம் கேட்காது. அடியில் நான்கு ரப்பர் பாதம் ஒட்டினால் அதிர்வும் மூடிக்கு ஏறாது. அடாப்டரை ரிசீவரோடு ஒரே ஸ்விட்ச்சில் மாட்டிவிட்டால் இரண்டுக்கும் சேர்ந்தே மின்சாரம் வரும்.